பாதி வசனம்

ஆசீர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், இப்போது மணி பத்து, சட்டியில் இரண்டு கூறு நெத்திலி தலை கிள்ளக் கிடக்கிறது, வசனம் இன்னும் அகப்படவில்லை. கல்லறைக் கல்லில் பேரை வெட்டிவிட்டானாம். லில்லி புஷ்பம் செல்வின். பிறந்த தேதி, இறந்த தேதி, அதையும் வெட்டிவிட்டானாம். அதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறான், அதில் என்ன போட வேண்டும் என்று இன்றைக்குச் சொன்னால்தான் அடுத்த மாதம் என் தங்கச்சியின் வருஷ நினைவுக்குக் கல் நிற்கும். அவளைக் கட்டினவர் நீங்கதானே, நீங்க சொல்லுங்க என்று செல்வினிடம் கேட்டேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்க மைனி, அவளை வளத்தது நீங்கதானே என்றுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். வளர்த்தவள் படித்தது ஆறாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசிக்கிறவளிடம் போன வருஷம் அடக்கம் முடிந்த கையோடு லில்லியின் பைபிளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில் கோடு, பக்கத்துக்குப் பக்கம் கோடு, அவ்வளவு கோடு போட்டவளுக்கு ஒரு கோட்டுக்காவது பலன் கிடைத்ததா. இந்த நெத்திலிக்கு ஒரு பலன் உண்டு, குழம்பாகும். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடுகிறது, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று, கை பாட்டுக்குச் செய்கிறது, மனசுதான் கொதிக்கிறது. காலையில் காப்பி டம்ளரை நான் வைத்த சத்தத்திலேயே வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது. "எது வரைக்கும்ட்டி இப்படிக் கோவமாவே இருப்ப?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, அலுத்துப்போய்க் கேட்டார். கடைக்குக் கிளம்பும்போது சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார், அப்படியானால் இந்த நெத்திலியை யாருக்குக் கிள்ளுகிறேன், தெரியவில்லை, கிள்ளுகிறேன்.

எங்கள் சபைப் பாதிரி ஐயர் ஒரு வசனம் எழுதிக் கொடுத்தார். நல்ல தாளில், நல்ல கையெழுத்தில். நீதிமான் பனையைப்போல் செழித்து, லீபனோனிலுள்ள கேதுருவைப்போல் வளருவான். சங்கீதம் தொண்ணூற்றிரண்டு. நம்ம ஊருக்குப் பொருத்தமா இருக்கும்மா என்று வேறு சொன்னார். கேதுருவை நான் பார்த்ததில்லை, பனையைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாவுக்குப் பனை என்றால் விழுகிற இடம். முப்பத்தொன்பது வயதில் காலை பதநீருக்கு ஏறினவர் மட்டையோடு வந்து தேரி மணலில் கிடந்தார், செம்மண்ணில் எது ரத்தம் எது மண் என்று தெரியவில்லை என்று தூக்கப்போனவர்கள் சொன்னார்கள். எனக்குப் பதினொன்று, லில்லிக்கு மூன்று. அம்மா கருப்பட்டி காய்ச்சப் போனாள், நான் சிலேட்டை வைத்துவிட்டு லில்லியை இடுப்பில் தூக்கினேன். ஒரு பூவின் பேரை எனக்கும் இன்னொரு பூவின் பேரை அவளுக்கும் வைத்தவர் அப்பா, வயலட் எது லில்லி எது என்று அவர் கண்ணால் கண்டதே கிடையாது, எங்கேயோ ஒரு காலண்டரில் வாசித்திருக்கிறார். பூப் பேர் வைத்ததும் வசனத்தில் இருக்கிறது, பாருங்கள். மனுஷனுடைய நாட்கள் புல்லுக்கு ஒப்பாயிருக்கிறது, வெளியின் புஷ்பத்தைப்போல் பூக்கிறான், காற்று அதின்மேல் வீசினவுடனே அது இல்லாமற்போயிற்று. இது நூற்றுமூன்று. தொண்ணூற்றிரண்டில் பனை, பதினொரு சங்கீதம் தள்ளிப் போனால் புல். எது? பனையா புல்லா? அந்தத் தொண்ணூற்றிரண்டிலேயே பனைக்கு ஐந்து வசனம் மேலே பார்த்தேன், அங்கேயும் புல் இருக்கிறது, ஆனால் அது துன்மார்க்கன். துன்மார்க்கர் புல்லைப்போலே தழைத்து என்று இருக்கிறது. அப்படியானால் ஒரு இடத்தில் கெட்டவன் மட்டும் புல், இன்னொரு இடத்தில் மனுஷன் எல்லாருமே புல். ஒரே புத்தகம். இதை எழுதினவர்களுக்கு எங்கள் ஊர்ப் புல்லும் தெரியாது. கடற்கரைப் பக்கம் போனால் ராவணன் மீசை என்று ஒரு புல் கிடக்கும், காற்று அடிக்க அடிக்கத்தான் அது வளரும், காலை வைத்தால் குத்தும், பிடுங்கிப் போட்டால் போட்ட இடத்தில் வேர் விடும். இங்கே இடி விழுவது பனையில், புல்லில் இல்லை. புல் யார் என்று எனக்குத் தெரியும். வேதமாணிக்கம் பெரியப்பா. அப்பா செத்த முப்பதாம் நாள் எங்கள் பனைவிளையின் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஆறடி உள்ளே நட்டவர். எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று மோசே எழுதி வைத்திருக்கிறார், அந்தச் சாபம் தபாலில் தொலைந்துபோயிற்று. தொண்ணூற்றொரு வயசு. பெரியம்மாவை அடித்தே முடித்தார், கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கிறார், இன்றைக்குக் காலையில்கூட வேலிக்கு வெளியே நின்று, என்ன வயலட்டு நெத்திலியா, வாசம் தெருக்கோடி வரைக்கும் வருது என்று பல்லைக் காட்டினார். அந்தப் பல்லும் சொந்தப் பல்.

அவருக்கு வந்த வாக்குத்தத்தம் என்ன தெரியுமா? அதே பனை. புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் பலிபீடத்துக்கு முன்னால் ஓலைப்பெட்டி வைப்பார்கள், அதற்குள் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் அச்சடித்து வெட்டின அட்டைகள் கிடக்கும், அட்டைக்கு ஒரு வசனம். ஒவ்வொருத்தராகப் போய்க் கண்ணை மூடி ஜெபித்து ஒன்று எடுக்க வேண்டும், எடுத்தது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுத்தது. வெளியே வந்ததும் ஒரே பேச்சு, உனக்கு என்ன வந்துச்சு, உனக்கு என்ன வந்துச்சு என்று. பெரியப்பா பனையைக் கதவில் ஒட்டி வைத்தார், இன்னும் இருக்கிறது. எல்லாரும் பயப்படுகிற அட்டையும் ஒன்று உண்டு. என் கிருபை உனக்குப் போதும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அது வந்தால் கேட்டது கிடைக்காது என்று எங்கள் சபையில் எல்லாருக்கும் தெரியும், அது வந்தவர் அட்டையை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு வேகமாக நடப்பார். போன வருஷம் லில்லி கோயிலுக்கு வரவில்லை. நவம்பரில் வயிற்றில் கட்டி என்று சொல்லியிருந்தார்கள், ஜனவரியில் அவளுக்கு எழுந்து உட்காரவே ஒரு ஆள் வேண்டும். வர முடியாதவர்களுக்கு வீட்டில் உள்ளவர் எடுத்துக் கொடுக்கலாம், அது வழக்கம்தான். நான் இரண்டு எடுத்தேன். முதலில் எனக்கென்று நினைத்து ஒன்று, அப்புறம் லில்லி பேரைச் சொல்லி ஒன்று. வெளியே வேப்பமரத்தடியில் வந்து பார்த்தேன். எனக்கு வந்தது, பெலத்தின் மிகுதியால் எண்பது வருஷம், சங்கீதம் தொண்ணூறு பத்து. லில்லிக்கு வந்தது, என் கிருபை உனக்குப் போதும். நான் அங்கேயே நின்றேன். ஐம்பத்துமூன்று வயசுக்காரி எண்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். எண்பதை வலது கையில் வைத்துக்கொண்டேன், கிருபையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன், நடந்தேன். ஆண்டவர் கொடுத்ததை நான் மாற்றிவிட்டேன். ஏன் மாற்றக் கூடாது? வேதத்தில் ஒரு தம்பி ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, கண் தெரியாத தகப்பனை ஏமாற்றி, அண்ணன் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போனானே, அது செல்லுபடியானது. கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது என்று தகப்பனே சொன்னாரே. அப்படியானால் என் லில்லிக்கு நான் கொடுத்த எண்பது ஏன் செல்லவில்லை? ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டவனுக்கு ஒரு நியாயம், ஜாக்கெட்டுக்குள் ஒளித்தவளுக்கு ஒரு நியாயமா?

முள் குத்திவிட்டது. நெத்திலி முள் மெல்லிசு, உள்ளே போனது தெரியாது, சாயங்காலம்தான் விண்விண்ணென்று வலிக்கும். லில்லி அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். பார்க்க வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவாள், எங்க அக்கா எனக்கு எடுத்துட்டு வந்தது, எண்பதாம், பாத்துக்கிடுங்க, நீங்கல்லாம் போன பெறவும் நான் கெடப்பேன் என்று சிரிப்பாள், வந்தவர்களும் சிரிப்பார்கள், வெளியே போய்க் கண்ணைத் துடைப்பார்கள். அவளுக்கு மயிர் கொட்டிப்போய்த் தலை சின்னப்பிள்ளைத் தலைமாதிரி இருந்தது, நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த அதே தலை. ஆவணி பிறக்க நாலு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், கரண்டியை விலக்கிவிட்டு, "அக்கா, இது எனக்குன்னு எடுத்ததுதானே?" என்றாள். அட்டை கையில் இருந்தது. நான், "பெறகு யாருக்கு? ஒம் பேரச் சொல்லித்தான எடுத்தேன்," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சரி என்பதுபோல வாயைத் திறந்தாள், கஞ்சியை வைத்தேன். அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டாள். நாற்பத்தாறு. எண்பதில் நாற்பத்தாறு போக மீதி எங்கே? அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் நான் அவள் பைபிளைத் திறந்து அந்தத் தொண்ணூறு பத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன், விரல் வைத்து வாசித்தேன். எங்கள் ஆயுசுநாட்கள் எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது வருஷமாயிருந்தாலும், அதின் மேன்மையானது வருத்தமும் சஞ்சலமுமே. இருந்தாலும்! அட்டையில் இருந்தாலும் இல்லை. வருஷம் என்கிற இடத்தில் வெட்டி ஒரு பூப் படம் போட்டிருந்தார்கள். எழுபதையும் வெட்டி, சஞ்சலத்தையும் வெட்டி, நடுவில் உள்ள எண்பதை மட்டும், கரும்பில் நடுத்துண்டை எடுக்கிறமாதிரி எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். நான் ஐயர் வீட்டுக்குப் போனேன். நீடித்த நாட்களால் திருப்தியாக்குவேன் என்று தொண்ணூற்றொன்றில் இருக்கிறது, வாழ்நாள் குறுகினவன் என்று யோபு சொல்லுகிறார், நூற்றிருபது என்று ஆதியாகமத்தில் இருக்கிறது, எழுபது என்று மோசே சொல்லுகிறார், தன் நீதியிலே கெட்டுப்போகிற நீதிமானும் உண்டு, தன் பாவத்திலே நீடித்திருக்கிற பாவியும் உண்டு என்று பிரசங்கியில் இருக்கிறது, இதில் எது ஐயா எங்க லில்லிக்கு என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். முரண்பாடுமாதிரித் தெரியும்மா, எல்லாம் ஒரே உண்மையோட பல பக்கம் என்றார். நூற்றிருபது ஜலப்பிரளயத்துக்குச் சொன்னது, நீடித்த நாள் என்றால் நித்திய ஜீவன், செழிப்பு என்றால் ஆத்துமாவின் செழிப்பு என்றார். எனக்கு ஆத்துமா தெரியாது, எனக்குத் தெரிந்தது லில்லியின் கணுக்கால், கடைசியில் அது என் மணிக்கட்டு அளவு இருந்தது. செழிப்பு என்று எழுதினால் செழிப்பு என்றுதானே படிப்பேன்? ஆறாம் வகுப்புக்கு அப்புறம்தான் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் சொல்லிக் கொடுக்கிறார்களா? அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தேன். குடிக்காமல் வந்திருக்க வேண்டும்.

ஆடிக் காற்று பிடித்துவிட்டது, பின்கதவு அடித்துக்கொள்கிறது, மணல் சட்டிக்குள் விழும். கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பைபிளைத் தூக்கி மடியில் வைத்தேன், மீன் நாற்றம் போகாது, போகாவிட்டால் போகட்டும். பத்தரை ஆகிவிட்டது. பனையை எழுதச் சொல்லிவிடலாமா, ஐயர் மனசும் நோகாது, ஆசீர் கேட்டதும் தாளை எடுத்து நீட்டிவிடலாம், லில்லியின் தலைமாட்டில் பனை நிற்கும், ஊர் வந்து வாசித்துவிட்டு ஆமென் சொல்லும், பெரியப்பாவும் வந்து வாசிப்பார், எங்க வீட்டுக் கதவுலயும் இதுதான் என்பார். அதைவிட நான் கல்லை வெறுமனே விடுவேன். தொண்ணூறுக்கே திருப்பினேன், எனக்கு அதுதான் பழக்கமான பக்கம், தன்னாலே திறக்கிறது. சிவப்புக் கோடு பத்தாம் வசனத்துக்கு முழுசாகப் போட்டிருக்கிறது, எங்கள் ஆயுசுநாட்களில் தொடங்கி நாங்களும் பறந்துபோகிறோம் வரைக்கும் கோடு. ஒரு வருஷமாக இந்தக் கோட்டைப் பார்க்கிறேன், கோடு என்றுதான் பார்த்தேன். இன்றைக்கு வாய்விட்டு வாசித்தேன், வீட்டில் ஆள் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன், வருத்தமும் சஞ்சலமுமே என்று இழுத்தபோது அந்த இழுப்பு என்னுடையது இல்லை என்று பட்டது. சஞ்சலமுமேஏ. சின்னப்பிள்ளைகள் இழுக்கிற இழுப்பு. சண்டே ஸ்கூல் விழா. லில்லி வெள்ளைச் சேலை கட்டி ஓரத்தில் நிற்கிறாள், பதினைந்து பிள்ளைகள் வரிசையாக நின்று சங்கீதம் தொண்ணூறை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொல்லுகிறார்கள், ஒரு பிள்ளை மறந்தால் லில்லி வாயை மட்டும் அசைக்கிறாள், அவள் கையில் புத்தகம் இல்லை. நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டினேன். என் தங்கச்சி சொல்லிக்கொடுத்தது என்று பக்கத்தில் இருந்தவளிடம் பெருமை அடித்தேன். அது எட்டு வருஷத்துக்கு முந்தி. அட்டை கொண்டுபோய்க் கொடுத்தது போன வருஷம். அப்படியானால் அவளுக்குத் தெரியும். அட்டையைக் கையில் வாங்கின அந்த நிமிஷமே தெரியும், எங்கே வெட்டியிருக்கிறது, வெட்டின இடத்துக்கு அப்புறம் என்ன இருக்கிறது, எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். எட்டு மாசம் தெரிந்துகொண்டே எண்பதாம் பாத்துக்கிடுங்க என்று சிரித்திருக்கிறாள். யாருக்காகச் சிரித்தாள்? அட்டையைக் கொண்டுவந்த முட்டாள் கட்டிலுக்குப் பக்கத்தில் கஞ்சிக் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்காக. எனக்குன்னு எடுத்ததுதானே என்று கேட்டது அட்டையைப் பற்றி இல்லை. நான் மாற்றினதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் பொய் சொன்னால் என் மூக்கு நுனி வேர்க்கும் என்று சின்னதிலிருந்தே சொல்லுவாள். ஏட்டி, தெரிஞ்சிருந்தும் சொல்லாம போயிட்டியே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாமே, எட்டு மாசம் ஆளுக்கொரு பக்கம் நடித்துத் தீர்த்துவிட்டோமே. வேதத்தை எழுதினவர்களை விடு, அச்சடித்த பிள்ளைகளை விடு, ஐயரை விடு, இன்றைக்கு எனக்கு உன் மேல்தான் கோபம், மற்ற எல்லாக் கோபத்தையும்விட இது பெரிசு, இதை யாரிடம் கொண்டுபோய் வைப்பேன்.

கண் மறைத்தது. துடைக்கப்போனால் கையில் மீன். தோளில் தேய்த்துக்கொண்டு மறுபடி விரலை வைத்தேன், பத்தோடு எப்போதும் நிறுத்திவிடுவேன், அதற்குமேல் போக எனக்குப் பொறுமை இருந்ததில்லை. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றில் விரல் நின்றது. நெத்திலியின் வெள்ளிச் செதில் விரலிலிருந்து தாளில் ஒட்டி மின்னிற்று, அதற்குக் கீழே எழுத்து. கர்த்தாவே, திரும்பிவாரும், எதுவரைக்கும் கோபமாயிருப்பீர்? இரண்டாம் தரம் வாசித்தேன். என் வீட்டுக்காரர் காலையில் என்னிடம் கேட்டது. அச்சு அசல் அதே கேள்வி. அதை மோசே ஆண்டவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார், கேட்டதை யாரும் வெட்டவில்லை, சிவப்புக் கோடு மட்டும் இந்த வசனத்துக்கு இல்லை. இத்தனை வருஷம் இது இந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது, எந்த அட்டையிலும் வந்ததில்லை, உனக்கு என்ன வந்துச்சு என்று கேட்கும்போது இது வந்துச்சு என்று ஒருத்தியும் சொன்னதில்லை. பென்சிலைத் தேடி எடுத்து நானே கோடு போட்டேன். கோணலாக வந்தது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது, ஆசீர்தான். தலையெல்லாம் கல்பொடி, நடுவயசிலேயே நரைத்தவன்மாதிரி. சுள்ளென்று வெயில், உள்ளே வா என்றேன், வரவில்லை, படியிலேயே நின்றுகொண்டு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தான். ஐயர் கொடுத்த தாள் சமையல் மேடையில் இருந்தது, அதை எடுக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதினான், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"இது வசனமாக்கா?"

"வசனம்தான். சங்கீதம் தொண்ணூறு, பதின்மூணு. கோயில்ல போய்க் கேட்டுக்கோ."

யாரும் இதைக் கல்லில் போட்டதில்லை என்றான். நித்திரை, இளைப்பாறுதல், மேய்ப்பர், இதுகள்தான் தான் வெட்டினது என்றான். ஐயர் ஏதாவது சொல்லுவாரே என்றான். சொல்லட்டும், அவர் புத்தகத்தில் உள்ளதுதான் என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு நோட்டைத் திரும்பப் பார்த்தான். திரும்பிவாரும் வரைக்கும் முதல் வரியில் வந்துவிடும், மீதி இரண்டாம் வரியில் வரும், இடம் சரியாக இருக்கும் என்றான். அப்புறம் கேள்விக்குறி வெட்டணுமா, பொதுவா கல்லறையில கேள்விக்குறி வைக்கிறதில்ல என்று இழுத்தான்.

"வை. ஆழமா வெட்டு."

"ஆழமா வெட்டுனா இந்தக் காத்துக்கு மணல் வந்து அடைச்சிரும்க்கா. ஒரு வருஷத்துல எழுத்தே தெரியாது."

"அடைக்கட்டும்," என்றேன். "வாரந்தோறும் நான் வந்து ஊக்கு வச்சுத் தோண்டி எடுத்துக்கிடுதேன்."